ஆர்டினன்ஸ்: அவசரச் சட்டமா, இடைச்சட்டமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கூடியிராதபோது ஆளுநரோ குடியரசுத் தலைவரோ பிறப்பிக்கும் ஆர்டினன்ஸுக்கு ‘அவசரச் சட்டம்’ என்ற சொல் சரிதானா? வந்த பதில்களைப் படித்த பிறகு என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. சரியில்லை, மாற்றுச் சொல் வேண்டும். நான் முன்வைப்பது ‘இடைச்சட்டம்’. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். அங்கே வைத்த சிறு தேர்வில் ‘ஆளுநர் எப்போது அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம்?’ என்று ஒரு கேள்வி. ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: ‘மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்ட பிறகு பிறப்பிக்கலாம்.’ அதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு. அவ்வளவு நிச்சயம். மற்ற தாள்களைப் புரட்டினால் பாதிப் பேர் ஏறத்தாழ அதையே எழுதியிருந்தார்கள். சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லிலிருந்து பொருளைச் சரியாகத்தான் பிரித்திருக்கிறாள். தப்பான வழியைக் காட்டியது சொல்.

அரசியலமைப்பு சொல்வதைப் பார்ப்போம். குடியரசுத் தலைவருக்கு 123-ஆவது உறுப்பு, ஆளுநருக்கு 213-ஆவது உறுப்பு. இரண்டிலும் ‘அவசரநிலை’ என்ற பேச்சே கிடையாது. அவசரநிலை தனிப் பகுதி, பதினெட்டாம் பகுதி. 352, 356, 360 எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆர்டினன்ஸுக்கான நிபந்தனைகள் வேறு. அவை, அதாவது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ, கூடியிருக்கக் கூடாது. உடனே செயல்பட வேண்டிய சூழல் இருப்பதாகக் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருத வேண்டும். அதுவும் அவராக முடிவெடுப்பதில்லை, அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான். பிறப்பித்துவிட்டால் அவை இயற்றிய சட்டத்துக்கு உள்ள அதே வலு உண்டு. அடிப்படை உரிமைகளை மீறினால் செல்லாது என்பதும் அப்படியே பொருந்தும். அவை மறுபடி கூடியதும் அதன் முன் வைக்க வேண்டும். கூடிய நாளிலிருந்து ஆறு வாரம், அதற்குள் சட்டமாக இயற்றாவிட்டால் காலாவதி. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பதால், எப்படி இழுத்தாலும் ஆறு மாதமும் ஆறு வாரமும்தான் ஆயுள்.

இதில் எது கரு? அவை இல்லாத இடைவெளி. அவசரம் என்பது அந்த இடைவெளியில் சட்டம் செய்வதற்கு அரசு சொல்லும் காரணம் மட்டுமே. நாம் காரணத்தைப் பெயராக்கி, பொருளை விட்டுவிட்டோம்.

‘அவசரச் சட்டம்’ கச்சிதமாகப் பொருந்திய ஒரு காலமும் உண்டு. 1861-ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம், அவசர நேரங்களில் கவர்னர் ஜெனரல் தனியாக ஆர்டினன்ஸ் போடலாம், அது ஆறு மாதம் செல்லும் என்றது. அங்கே அவசரம் என்பதே நிபந்தனை. 1930 மே மாதம் கவர்னர் ஜெனரல் இர்வின் பிரபு லாகூர் சதி வழக்குக்காகப் போட்டாரே, அது இந்த வகை. பகத்சிங்கை விசாரித்த சிறப்புத் தீர்ப்பாயம் அந்த ஆர்டினன்ஸில் பிறந்தது. ஆறு மாத ஆயுள் முடிவதற்குள், அக்டோபர் 7 அன்று தூக்குத் தண்டனையே விதித்துவிட்டார்கள். பிறகு வந்த 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வாசகத்தை மாற்றியது: அவை கூடியிராதபோது, உடனடி நடவடிக்கை தேவைப்பட்டால். நம் அரசியலமைப்பு எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது வாசகத்தை. ஆக, 1861-இன் பெயரை 1950-இன் பொருளுக்குச் சூட்டிவைத்திருக்கிறோம்.

இதனால் என்ன நஷ்டம் என்று வழக்கறிஞர் அண்ணன் கேட்டிருந்தார். மெரினாவை நினைத்துப் பாருங்கள் அண்ணா. 2017 ஜனவரி 21, சனிக்கிழமை. ஜல்லிக்கட்டுக்காக ஆளுநர் ஆர்டினன்ஸ் பிறப்பித்தாகிவிட்டது. மறுநாள் அலங்காநல்லூரில் வாடிவாசலைத் திறந்துவைக்க முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் மதுரைக்கே போய்விட்டார். ஊர் மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ‘அவசரச் சட்டம் வேண்டாம், நிரந்தரச் சட்டம் வேண்டும்.’ கடற்கரையிலும் அதே முழக்கம். திங்கட்கிழமை சட்டப்பேரவை கூடி மசோதாவை நிறைவேற்றியது. அது ஆர்டினன்ஸின் தொடர்ச்சிதான், நிரந்தரச் சட்டத்துக்கு இதுதான் வழி என்பதைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாராவது போய் விளக்க வேண்டியிருந்தது. மக்கள் கேட்டதில் பிழையே இல்லை. ஆயுள் குறைந்த சட்டம் என்று அவர்கள் சரியாகத்தான் மோப்பம் பிடித்தார்கள். ஆனால் அது எப்போது, எப்படி முழுச் சட்டமாகும் என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை. ‘அவசரம்’ என்றால் நம் ஊரில் ‘அரைகுறை’ என்றும் ஒரு பொருள் இருக்கிறதல்லவா? அவசர சமையல், அவசர ரிப்பேர். அந்த வாடையும் சேர்ந்துகொண்டது.

அடுத்தது 2022. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்ய அக்டோபர் தொடக்கத்தில் ஆர்டினன்ஸ் வந்தது. அதே மாதம் பேரவை கூடி மசோதாவையும் நிறைவேற்றியது. மசோதா ஆளுநரிடம் ஒப்புதலுக்குக் காத்திருந்தபோதே ஆறு வாரம் ஓடிப்போய், நவம்பர் இறுதியில் ஆர்டினன்ஸ் காலாவதியாகிவிட்டது. டீக்கடையில் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் கேட்டார்: ‘அவசரம் தீரவே இல்லையே, அதுக்குள்ள அவசரச் சட்டம் எப்படி தீர்ந்துச்சு?’ நல்ல கேள்வி. அவசரத்துக்கும் அதன் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லை. அவை கூடிய தேதிக்கும் ஆயுளுக்கும்தான் சம்பந்தம். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு அதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு டீ முழுவதும் ஆனது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவசரம் என்று பெயர் வைத்துவிட்டால், அவசரம் இருந்தது என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகிவிடுகிறது. 1969 ஜூலை 19 சனிக்கிழமை 14 வங்கிகள் ஆர்டினன்ஸ் வழியாக நாட்டுடைமை ஆயின. நாடாளுமன்றம் கூடவிருந்தது அடுத்த திங்கட்கிழமை. வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது நல்லது என்று நினைப்பவன் நான். ஆனாலும் இரண்டு நாள் பொறுக்க முடியாத அவசரமா என்று கேட்கும் உரிமை குடிமகனுக்கு வேண்டும். பீகாரில் நடந்தது இதைவிட மோசம். பேராசிரியர் டி.சி.வாத்வா உட்கார்ந்து எண்ணினார்: 1967 முதல் 1981 வரை 256 ஆர்டினன்ஸ்களை அங்கே மறுபடி மறுபடி பிறப்பித்து உயிரோடு வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று ஏறத்தாழ 14 ஆண்டு வாழ்ந்தது. 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. 14 ஆண்டு நீடித்த ஒன்றை ‘அவசரச் சட்டம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘இடைச்சட்டம் 14 ஆண்டு நீடித்தது’ என்று எழுதிப் பாருங்கள். எது மீறப்பட்டது என்பது வாக்கியத்திலேயே தெரிகிறது.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா எழுதியது என் கண்ணைத் திறந்தது. அங்கே ஆர்டினன்ஸ் என்றால் ‘கட்டளைச் சட்டம்’. காலனி ஆட்சிக் காலத்துச் சட்டசபைகள் இயற்றியவை. பல இன்றும் நிரந்தரச் சட்டங்களாக நடைமுறையில் உள்ளன. ‘அவசரகாலச் சட்டம்’ என்றால் நெருக்கடிகாலச் சட்டம். அந்தச் சொல்லோடு அங்குள்ளவர்களுக்கு எத்தனை இரவுகளின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஐயா எழுதியிருந்தார். போதாததற்கு அவர்களுடைய 1978 அரசியலமைப்பில் ‘அவசர சட்டமூலம்’ என்று வேறொன்று இருந்தது. அது பாராளுமன்றத்துக்கே விரைவாகக் கொண்டுவரும் மசோதா. சென்னைச் செய்தியில் ‘ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார்’ என்று வந்தால் அங்கே படிப்பவருக்கு ஊரடங்குதான் நினைவுக்கு வருமாம். நமக்கும் இதே சிக்கல் உண்டு. 1975 ஜூன் 25 அன்று அவசரநிலை வந்தது. நான்கே நாளில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான மிசாவைத் திருத்த ஓர் ஆர்டினன்ஸ். இதை ‘அவசரநிலையில் பிறப்பித்த அவசரச் சட்டம்’ என்று எழுதினால், அவசரநிலை வந்ததால்தான் அந்த அதிகாரமே வந்தது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

அப்புறம் நீங்கள் எல்லோரும் முன்வைத்த மாற்றுச் சொற்கள்.

‘தற்காலிகச் சட்டம்’: நாடாளுமன்றமே குறுகிய ஆயுளோடு சட்டம் இயற்றுவது உண்டு. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா 1985-இல் வந்தபோது இரண்டு ஆண்டுக்குத்தான். அது தற்காலிகம், ஆனால் ஆர்டினன்ஸ் இல்லை. ‘ஆளுநர் சட்டம்’ வேண்டவே வேண்டாம். ஆளுநர் தன் விருப்பப்படி செய்வது போல் ஆகிவிடும். 1935 சட்டத்தில் அப்படி ஒரு தனி வகையே இருந்தது. ‘ஆணைச்சட்டம்’ கேட்க நன்றாக இருக்கிறது. அரசாணையோடும், இலங்கைக் கட்டளைச் சட்டத்தோடும் மோதும். ஆர்டினன்ஸ் என்றே எழுதலாமே என்றார் ஒரு தம்பி. ஆவடியிலும் திருச்சியிலும் உள்ள படைத்தளவாடத் தொழிற்சாலைகளை நம் மக்கள் ‘ஆர்டினன்ஸ் ஃபேக்டரி’ என்றுதான் சொல்கிறார்கள், தம்பி. ஆங்கிலத்தில் அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் அக்கா சொன்ன ‘இடைக்காலச் சட்டம்’ மிக அருகில் வருகிறது. என் சொல்லுக்கே அதுதான் விதை. ஆனால் ‘இடைக்கால இந்தியா’ என்று வரலாற்றில் படிக்கும் என் பிள்ளைகள் அதை வேறு நூற்றாண்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவும் பக்கத்திலேயே நிற்கிறது. ‘காலம்’ என்பதை எடுத்துவிட்டால் இரண்டும் விலகிவிடும், அக்கா. கன்னடத்தார் இதற்கு ‘சுக்ரீவாக்ஞை’ என்கிறார்கள். மீற முடியாத சுக்ரீவனின் ஆணை. அழகான சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஆணையின் கடுமையைச் சொல்கிறதே தவிர, அதன் எல்லையைச் சொல்லவில்லை.

‘இடைச்சட்டம்’ என்பதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது: இடைத்தேர்தல். தமிழ்நாட்டில் இந்தச் சொல் தெரியாத வாக்காளர் கிடையாது. இரண்டு பொதுத்தேர்தல்களுக்கு இடையே வருவது இடைத்தேர்தல். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே வருவது இடைச்சட்டம். இடைச்செருகல் என்ற சொல்லும் காதில் லேசாக ஒலிக்கும். ஒலிக்கட்டும், பேரவை இல்லாத நேரத்தில் செருகியதுதானே? ‘பிறப்பித்தல்’ என்ற வினை அப்படியே இருக்கலாம். சட்டத்தை இயற்றுகிறோம், ஆணையைப் பிறப்பிக்கிறோம் என்று தமிழ் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

அரசிதழிலும் நீதிமன்றத்திலும் ஊன்றிப்போன சொல்லை மாற்ற முடியுமா என்பது வழக்கறிஞர் அண்ணனின் கடைசிக் கேள்வி. ‘அபேட்சகர்’ ஒரு காலத்தில் சுவர் சுவராக ஊன்றியிருந்த சொல். வேட்பாளர் வந்து அதை எடுத்துவிட்டார். நீங்கள் தினமும் தாக்கல் செய்யும் ஆட்கொணர்வு மனுவையே பாருங்கள். ஆளைக் கொண்டுவா என்ற செயலையே பெயராக வைத்ததால், ‘ஹேபியஸ் கார்பஸ்’ என்ற லத்தீன் தெரியாத ஒரு தாய்கூட அதைக் கேட்டு வாங்குகிறாள். நான் கேட்பது அந்தத் தெளிவைத்தான்.

சென்ற ஞாயிறு வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். கரும்பலகையில் இரண்டு பெட்டி வரைந்து, ஒன்றில் ‘மழைக்காலக் கூட்டத்தொடர்’, இன்னொன்றில் ‘குளிர்காலக் கூட்டத்தொடர்’ என்று எழுதினேன். நடுவில் விட்ட வெற்றிடத்தில் ‘இடைச்சட்டம்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அதே ஜவுளிக்கடைப் பெண்தான் கையைத் தூக்கினாள்: ‘சார், அப்போ ரெண்டாவது பெட்டி வந்ததும் இது என்ன ஆகும்?’ ஆறு வாரக் கணக்கை அவளையே பலகைக்கு வரச் சொல்லி எழுதவைத்தேன்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு வரைவு இது: ‘இடைச்சட்டம்: சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கூடியிராத இடைவெளியில், அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநரோ குடியரசுத் தலைவரோ பிறப்பிக்கும் சட்டம். அவை மீண்டும் கூடிய ஆறு வாரத்தில் காலாவதியாகும். வழக்கிலுள்ள சொல்: அவசரச் சட்டம்.’ நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளில் ஒன்று மட்டும் கூடியிருந்தாலும் பிறப்பிக்கலாம் என்பதை இந்த வரைவில் எப்படிச் சுருக்கமாக அடக்குவது என்று தெரியாமல் விட்டுவைத்திருக்கிறேன். அக்கா, அந்த ஒரு வரியை நீங்கள் பார்த்துத் தர முடியுமா?

அன்புடன்.