யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி மாடிக்கடை: உங்களுக்கு நடந்தது என்ன?

இணுவிலான்

எல்லாருக்கும் தெரிந்த கடை, பெயர் எழுதத் தேவையில்லை. போன கிழமை அந்தப் பக்கம் போனபோது பெயர்ப்பலகையைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தார்கள். மேலே கொழும்புக் கம்பனியின் பலகை ஏறிக்கொண்டிருந்தது. அன்று இரவு நித்திரை வரவில்லை.

1993. போரில் பொருளாதாரத் தடைக்காலம். கரண்ட் இல்லை, பற்றறி இல்லை, சவர்க்காரம்கூடத் தேடித்தான் வாங்க வேண்டும். பள்ளிக்கூடச் சப்பாத்து பிய்ந்துபோய் அம்மாவோடு அங்கே போனேன். சப்பாத்துப் பகுதி அண்ணை நிலத்தில் குந்தி என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தார். பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கு. பெருவிரல் நுனியில் அழுத்திப் பார்த்துவிட்டு, "வளருற பிள்ளை அக்கா, ஒரு சைஸ் கூட எடுங்கோ, முன்னுக்குப் பஞ்சு வைக்கலாம்" என்றார். அம்மாவிடம் காசு காணவில்லை. "பிறகு தாங்கோ." கொப்பியில்கூட எழுதவில்லை.

அந்தப் பிறகு வரவேயில்லை. 95 ஒக்டோபர் 30 இரவு, அந்தப் பெரிய இடப்பெயர்வில், எல்லோரும் வெளிக்கிட்டோம். 96இல் தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்ததும் அம்மா காசோடு போனா. அண்ணை வன்னிக்குப் போய்விட்டாராம். முதலாளி காசை வாங்க மறுத்துவிட்டார், "அது அவர் தந்தது, அவரிட்டையே குடுங்கோ" என்று. அம்மாவும் இப்போது இல்லை. அவரை யாருக்காவது தெரியுமா?

ஆனைக்கோட்டை மகள்

துணிப் பகுதி. கத்தரியால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு கையால் ஒரே இழுவை. அந்தச் சத்தம் இப்பவும் காதில் இருக்கிறது.

அப்பா இறந்தது இரவு ஒரு மணிக்கு. விடியுமுன் வெள்ளை வேட்டி வேண்டும். பின்பக்கக் கதவில் தட்டினால் திறப்பார்கள் என்று பெரியப்பா சொன்னார், அண்ணா சைக்கிளில் போனான். திறந்தார்கள். முதலாளியே லாம்போடு இறங்கி வந்து வேட்டி எடுத்துக் கொடுத்தாராம். செத்தவீட்டுக்கும் வந்து ஒரு மூலையில் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்.

இந்த வருடம் அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வெள்ளைத் துணி கேட்டேன். "துணிப் பகுதி எடுத்தாச்சு அக்கா, இப்ப தைச்ச உடுப்பு மட்டும்தான்" என்றது அந்தப் பிள்ளை. பிள்ளையில் பிழை இல்லை. நான்தான் படியிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

தீவகத்தான்

மன்னிக்க வேண்டும், எனக்கு நடந்தது வேறு. 2003, சமாதானத்தில் பாதை திறந்திருந்த நேரம். அக்காவின் கலியாணச் சீலை எடுக்க ஊரிலிருந்து பஸ்ஸில் ஏழு பேர் வந்தோம். மேல்மாடியில் ஒருவர் எங்கள் பின்னாலேயே நடந்தார். அம்மா தொட்ட சீலையை உடனே மடித்து உள்ளே வைத்தார். "எந்த ஊர்?" என்று கேட்டார், ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. சீலை எடுக்காமலே இறங்கினோம். புதுக் கடையில் யாரும் ஊர் கேட்பதில்லை, விலை துண்டில் இருக்கிறது. உங்கள் கவலை உண்மைதான். ஆனால் அது எல்லாருடைய கடையாகவும் இருக்கவில்லை.

இணுவிலான்

வாசித்தேன். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் செய்ததற்கு முழுக் கடையையும் சொல்லலாமா?

தீவகத்தான்

ஒருவர் தந்த சப்பாத்துக்கு முழுக் கடையையும் நீங்கள் சொல்கிறீர்கள்தானே.

ஸ்காபரோ அக்கா

இங்கே ரொறன்ரோவில் ஈட்டன்ஸ் என்று இருந்தது, 1869இல் தொடங்கியது. பேரம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே விலை, பொருள் பிடிக்காவிட்டால் காசு திரும்ப வரும். உள்ளே முதலாளியின் வெண்கலச் சிலை, 1919இல் வேலைக்காரர்கள் சேர்ந்து கொடுத்தது. இடது காலைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று சனம் தடவித் தடவிப் பெருவிரல் மினுங்கும். வந்த முதல் குளிருக்குக் கோட் எடுக்கப் போனபோது அப்பா கேட்காமலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றினார். வெள்ளைக்காரர் பார்த்தார்கள், எனக்கு வெட்கம். இன்று அதை நினைத்தால் அழுகை வருகிறது. 1999இல் கடை முறிந்தது. பெயரை வாங்கிய சியர்ஸ் கனடாவும் 2018இல் மூடியது. சிலை இப்போது மியூசியத்தில். யாழ்ப்பாணத்துப் பலகையையாவது யாராவது கேட்டு வாங்கி வையுங்கள்.

கோண்டாவில் கணக்கர்

நான் அங்கே வாங்கியது ஒரு குடை, பதினாறு வருடம் பாவித்தேன், அவ்வளவுதான். பலகையை விடுங்கள், அங்கே வேலை செய்தவர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. வேலையை விட்டு நிற்பாட்டப்பட்டவர் யாராவது இதை வாசித்தால்: ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3, அது உங்கள் சம்பளத்தில் வெட்டப்படக் கூடாது. இவை கட்டப்பட்டதா என்று முதலில் பாருங்கள். பிறகு பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடம், ஐந்து வருடம் முடித்தவர் என்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், கடைசியாக எடுத்த சம்பளக் கணக்கில். இருபது வருடம் நின்றவருக்குப் பத்து மாதச் சம்பளம். இதைத் தயவென்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், உங்கள் உரிமை. "கை மாறிவிட்டது, பழையவரைக் கேளுங்கள்" என்றால் வாய்க்கதையை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். நியமனக் கடிதம் இல்லாவிட்டாலும் பழைய சம்பளத் துண்டு, பொங்கல் போனஸ் கடிதம், கடையில் எடுத்த படம்கூட உதவும். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகாமல் நாலைந்து பேராகப் போனால் நல்லது.

நீர்வேலி

அப்பா துணிப் பகுதியில் இருபத்திரண்டு வருடம். ஆனைக்கோட்டை அக்கா சொன்ன சத்தம் அவருடையதாகவும் இருக்கலாம். கணக்கர் ஐயா, பணிக்கொடை கிடைத்தது, நன்றி.

தீவகத்தான் அண்ணை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஓம், அப்படி ஒருத்தர் இருந்தவர், நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றனாங்கள்" என்றார். அதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

சப்பாத்து அண்ணை 95க்குப் பிறகு வரவில்லை என்றுதான் அவருக்கும் தெரியும். ஊர் முல்லைத்தீவுப் பக்கமாம்.

அப்பா வேலையின் கடைசி நாளில் கேட்டது ஒன்றே ஒன்று, துணி அளக்கும் மர யார்க்கோல். இரண்டு முனையிலும் பித்தளை, நடுவில் அவருடைய பெருவிரல் பட்டுத் தேய்ந்த இடம். சாமான் பட்டியலில் ஏறிவிட்டது, கொழும்பைக் கேட்க வேண்டும் என்றார் புது மனேஜர், மரியாதையாகத்தான் சொன்னார். மாசியில் கடிதம் கொடுத்தோம். இன்னும் பதில் வரவில்லை.