கோமதியைத் தேடினால் பாதி அத்தியாயங்களில் கிடைக்கவே மாட்டேன் என்கிறாள், உதவி தேவை

நாவல்_பாதியில் எழுதியது:

வணக்கம். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் ஒரு நாவலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கதை சங்கரன்கோவிலில் நடக்கிறது, நாயகி பெயர் கோமதி. படித்துப் பார்த்த எடிட்டர், கோமதி, கோபால், கோவிந்தன் என்று மூன்று பேர் ஒரே எழுத்தில் தொடங்குவதால் யார் பேசுகிறார்கள் என்றே குழம்புகிறது, நாயகி பெயரையாவது மாற்றுங்கள் என்கிறார். சரி, வடிவு என்று மாற்றலாம் என முடிவு செய்து தேடி மாற்றும் பெட்டியைத் திறந்தால் அங்கேதான் சிக்கல். கடைசிப் பத்து அத்தியாயங்களில் கோமதி ஒழுங்காகக் கிடைக்கிறாள். முதல் பாதியில் ஒரு பக்கத்துக்கு நாலு தடவை வருகிறாள், கண்ணால் பார்க்கிறேன், ஆனால் தேடல் 'கிடைக்கவில்லை' என்கிறது. முதல் பாதி பல வருடத்துக்கு முன் ஒரு டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கியது, அப்புறம் யூனிகோடுக்கு மாற்றினேன். மீதி நானே நேரடியாக அடித்தது. எழுத்துருவை எல்லா இடத்திலும் ஒன்றாக்கியும் பார்த்தாயிற்று, பயனில்லை. கிடைத்த இடங்களிலும் 'வடிவுயை', 'வடிவுயின்' என்று கண்றாவியாக வருகிறது. ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவதைத் தவிர வேறு வழி உண்டா?

நெல்லைத்தம்பி:

'முழுச் சொல் மட்டும்' என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள் அக்கா. இருந்தால் 'கோமதியை' எல்லாம் வராது.

நாவல்_பாதியில்:

இல்லை தம்பி, அதை முதலிலேயே எடுத்துவிட்டேன். வேற்றுமை உருபே இல்லாத வெறும் 'கோமதி'யே மாட்டவில்லை.

கீபோர்டு_பைத்தியம்:

இது எழுத்துரு பிரச்சினை இல்லை மேடம், உள்ளே இருக்கிற குறியீட்டுப் பிரச்சினை. யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடு, இது ஒன்று. ககரம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறியீடு, இது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசை என்பதால், அதை மாற்றித் தருகிற கருவி கவனமாக எழுதப்படாவிட்டால் அப்படியே மூன்றாகக் கொண்டுவந்து போட்டுவிடும். நீங்கள் தேடல் பெட்டியில் அடிப்பது இரண்டு, முதல் பாதியில் கிடப்பது மூன்று. பிறகு எப்படிப் பொருந்தும்?

சோதிக்க ஒரு சுலப வழி. கிடைக்காத கோமதியின் 'கோ'வுக்கும் 'ம'வுக்கும் நடுவில் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை தட்டுங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் சரியான கோ. 'கே' மிஞ்சினால் நான் சொன்ன நோய்தான்.

நாவல்_பாதியில்:

'கே' மிஞ்சுகிறது! மூன்றாம் அத்தியாயத்தில் நிறைய இடத்தில் பார்த்தேன், எல்லாம் கே. ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் சில இடத்தில் கர்சர் நடக்கிற விதமே வேறு மாதிரி இருக்கிறது. 'கோ'வுக்குள்ளே நடுவில் ஒரு தடவை நிற்கிறது.

கீபோர்டு_பைத்தியம்:

அது கோவே இல்லை, 'கேர'. துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருக்கிறது. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. அதை 'கேரமதி' என்று அடித்துத் தேடுங்கள், வரும்.

முதல் நோய்க்கு மருந்து: விண்டோஸில் கேரக்டர் மேப்பைத் திறந்து, நிர்மலா எழுத்துருவில் தமிழ்ப் பகுதிக்குப் போய் இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்துத் தேர்ந்து நகலெடுங்கள். அதைத் தேடும் இடத்தில் ஒட்டி, மாற்றும் இடத்தில் ஒற்றை ஓகாரக் குறியைப் போடுங்கள். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் ஜோடிக்கும் இதேபோல ஒகரக் குறி. தனிக் குறியைத் தேட மென்பொருள் சண்டித்தனம் பண்ணினால் உயிர்மெய்யாகச் செய்யுங்கள்: ஆவணத்திலிருந்தே உடைந்த 'கோ'வை நகலெடுத்துத் தேடும் இடத்தில் ஒட்டி, கையால் அடித்த 'கோ'வை மாற்றாகக் கொடுங்கள். அப்புறம் சோ, தோ, போ என்று வரிசையாக. 18 மெய்யும் சில கிரந்த எழுத்துகளும்தான், ஒரு டீ குடிக்கிற நேரம். கோமதிக்கு மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கு கோபாலைத் தேடும்போது திரும்ப இதே கதைதான்.

பழைய_டிடிபி:

மேலே கீபோர்டு தம்பி சொன்னது சரி, ஆனால் அந்த உற்சாகத்தில் ஔகாரத்துக்கும் இதையே செய்துவிடாதீர்கள். 'கௌரவம்', 'மௌனம்' போன்ற சொற்களில் ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் ளகரத்தையே அடித்து வைத்திருப்பார்கள், எங்கள் கடைகளில் அதுதான் வழக்கம். அதைச் சரி செய்கிறேன் என்று 'கொம்பு + ள' எல்லாவற்றையும் ஔகாரக் குறியாக மாற்றினால் வெளி, வெள்ளை, தெளிவு, கெளுத்தி, செள்ளு எல்லாம் நாசம். அங்கே ளகரம் உண்மையான ளகரம். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்குகிற, யூனிகோடு இயல்பாக்கம் என்று சொல்லப்படுகிற வித்தையும் இதைத் தொடாது. ஆகவே மௌனம், கௌரவம், சௌகரியம், பௌர்ணமி என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். ஒரு நாவலில் எத்தனை ஔகாரச் சொல் வந்துவிடப் போகிறது (மௌனம் மட்டும் எல்லார் நாவலிலும் கொட்டிக் கிடக்கும், அது வேறு விஷயம்).

மெய்ப்பு_பார்ப்பவர்:

குறியீடு முடிந்தது, இனி பெயர். 'வடிவுயை' ஏன் வந்தது என்றால், வெறும் 'கோமதி'யை முதலில் மாற்றியதால். நீளமானதிலிருந்து தொடங்க வேண்டும். 'கோமதியி' என்பதை 'வடிவி' ஆக்கினால் கோமதியின், கோமதியிடம், கோமதியில் மூன்றும் சரியாகிவிடும். பிறகு கோமதியை, கோமதியோ, கோமதியு, கோமதியா. அப்புறம் கோமதிக்கு. கடைசியில்தான் வெறும் கோமதி.

இதெல்லாம் செய்த பிறகும் முன்னால் உள்ள ஒற்று நிற்கும். 'அந்தக் கோமதி', 'எனக்குக் கோமதியைத் தெரியும்' என்று எழுதியிருப்பீர்கள். பெயர் மட்டும் மாறினால் 'அந்தக் வடிவு', 'எனக்குக் வடிவைத் தெரியும்'. வாசகர் பல்லில் கல் கடிபடும். 'க் வடிவ' என்று தேடி அந்த ஒற்றை எடுக்கலாம்தான். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெயரையே யோசித்துத் தேர்ந்தெடுப்பேன். க-வில் தொடங்கி இகரத்தில் முடிகிற பெயராக இருந்தால் முன்னால் ஒற்றும் அசையாது, பின்னால் உருபும் அசையாது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயரே இருக்கிறதே, காந்திமதி! கோமதியை, காந்திமதியை. அந்தக் கோமதி, அந்தக் காந்திமதி. ஒரே தடவை மாற்றினால் முடிந்தது.

நெல்லைத்தம்பி:

அண்ணே, அருமை, ஆனால் இதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. கதை சங்கரன்கோவில் என்கிறார்கள். அந்த ஊர்க் கோயிலின் கோமதி அம்மன் வராமலா இருப்பாள்? எல்லாவற்றையும் மாற்று என்று தட்டினால், கோமதி அம்மனுக்கு நடக்கிற ஆடித்தபசுத் திருவிழா காந்திமதி அம்மனுக்கு நடக்கும். காந்திமதி அம்மன் நிஜமாகவே நெல்லையப்பர் கோயிலில் இருக்கிறாள், அவளுக்கு ஐப்பசியில் திருக்கல்யாணம். அதனால் மெய்ப்புப் பார்க்கிற வெளியூர்க்காரர் கண்ணுக்குப் பிழையாகவே தெரியாது. எங்கள் ஊர்க்காரர்கள் முதல் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

மெய்ப்பு_பார்ப்பவர்:

நல்ல பிடி தம்பி. அதற்கு வழி: முதலில் 'கோமதி அம்மன்', 'கோமதியம்மன்', 'கோமதி அம்பாள்', 'கோமதித்தாய்' எதெல்லாம் அம்மனைக் குறிக்கிறதோ அதில் இருக்கும் 'கோமதி'யை மட்டும் ##1 மாதிரி கதையில் வேறெங்கும் வராத ஒரு குறியாக மாற்றி வையுங்கள். பிறகு நாயகியை மாற்றுங்கள். கடைசியில் ##1-ஐத் திரும்பக் கோமதியாக்குங்கள். தெருப் பெயர், கடைப் பெயர், பஸ் பெயர் இருந்தால் அதற்கும் இதுதான். வெறும் 'கோமதி' என்று அம்மனைக் கூப்பிடுகிற இடங்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, விளி. 'ஏட்டி கோமதீ' என்று அம்மா கூப்பிடுகிற மாதிரி எழுதியிருந்தால் 'கோமதி' என்று தேடினால் அது மாட்டாது, தீ வேறு குறி. 'கோமத' என்று தேடினால் இரண்டும் வரும்.

நாவல்_பாதியில்:

கோமதீ நிறையவே இருக்கிறது! பாட்டி வேறு எப்படியும் கூப்பிட மாட்டாள். காந்திமதி பிடித்திருக்கிறது, தோழிகள் அவளை 'மதி' என்று கூப்பிடுகிற இடங்களைத் தொடவே வேண்டாம். ஒரு சந்தேகம்: மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியை ஆன் செய்துவிட்டுச் செய்யட்டுமா? எடிட்டருக்கு எங்கெங்கே மாறியது என்று தெரிய வேண்டும். அப்புறம் வாணி, நாவி மாதிரி தமிழ்ப் பிழைதிருத்திகளில் மொத்தமாகப் போட்டுப் பார்க்கலாமா?

மெய்ப்பு_பார்ப்பவர்:

பதிவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஆன் செய்திருந்தால் பழைய கோமதி அழிக்கப்பட்ட எழுத்தாக ஆவணத்துக்குள்ளேயே கிடப்பாள், பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு, எடிட்டரின் உண்மையான குறிப்புகள் அதில் மூழ்கிவிடும். முதலில் மூலக் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ரைட்டரிலேயே ஆவணங்களை ஒப்பிடும் வசதி இருக்கிறது, பழையதையும் புதியதையும் கொடுத்தால் வித்தியாசத்தைக் காட்டும். எடிட்டர் கேட்டால் அதை அனுப்புங்கள்.

நாவியைச் சந்திக்குப் பயன்படுத்தலாம், ஆனால் கதைசொல்லியின் பகுதிக்கு மட்டும். பாட்டி பேசுகிற நெல்லை வழக்கை எந்தத் திருத்தியிலும் போடாதீர்கள். 'ஏட்டி', 'வந்துட்டாவ' எல்லாவற்றையும் பிழை என்று காட்டும், சலித்துப்போய் நாலைந்தை ஏற்றுக்கொண்டுவிடுவீர்கள், பாட்டி திடீரென்று செய்தி வாசிப்பாள்.

பழைய_டிடிபி:

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா, அவர்கள் யூனிகோடிலேயே பக்கம் அமைக்கிறார்களா, தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் அமைக்கிறார்களா என்று. மாற்றுவதாக இருந்தால் முதல் அத்தியாயத்தை மட்டும் அமைத்துத் தரச் சொல்லி ஒகர ஓகாரங்களையும் ஸ்ரீயையும் பாருங்கள். உடைகிற இடம் எப்போதும் அவைதான்.

நாவல்_பாதியில்:

முடிந்தது! கொம்பும் காலும் தனியாகவே தேட விட்டது, ஒரே தட்டில் மாறிவிட்டது. அம்மனைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் மாற்றினேன். இப்போது 'கோமத' என்று தேடினால் அம்மன் மட்டும் வருகிறாள், 'கேரம' என்று தேடினால் எதுவும் இல்லை. எதிர்பாராத ஒரு இடத்தில் இடித்தது: நாயகி தன் பெயரை மூன்று எழுத்தாகச் சுவரில் கிறுக்குவதாக ஒரு காட்சி. அந்தப் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும்.

நெல்லைத்தம்பி:

காந்திமதி ஐந்து எழுத்து அக்கா, சுவர் பெரிதாக இருக்கட்டும்.