‘ம்’ என்றால் கேட்கிறேன் என்பதா, சம்மதம் என்பதா?

கேட்டவர்: தாழை

அப்பா காலமான பிறகு பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டை விற்பது பற்றிச் சென்ற மாதம் அண்ணன் தொலைபேசியில் ஏறக்குறைய நாற்பது நிமிடம் பேசினார். மச்சு ஒழுகுவது, வீட்டுவரி பாக்கி, வாங்க வந்தவர் சொன்ன விலை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் வழக்கம்போல் “ம்… ம்… சரி, அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் வாய் திறப்பதற்குள் அவருக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. மறுநாள், தங்கை ஒத்துக்கொண்டாள் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நான் மறுத்தபோது, “சொன்னதுக்கெல்லாம் ‘ம்’ போட்டியேம்மா!” என்று திகைத்துப்போனார். அண்ணன் பொய் சொல்லும் மனிதர் அல்லர். என் கணவரும் அவர் பக்கமே பேசுகிறார். என் தோழிகளில் ஒருவர்கூட அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆணும் பெண்ணும் இந்த ஓரெழுத்தை வெவ்வேறு பொருளில்தான் வழங்குகிறார்களா? மொழியியலில் இதை யாரேனும் ஆராய்ந்திருக்கிறார்களா?

மறுமொழி: கரிசல்

ஆராய்ந்திருக்கிறார்கள், சகோதரி. டேனியல் மால்ட்ஸ், ரூத் போர்க்கர் என்ற இரு மானிடவியலாளர்கள் 1982இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று ஏறக்குறைய உங்கள் வழக்கையே பேசுகிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் பேச்சின் நடுவே வரும் இத்தகைய ‘ம்’, பெண்களிடம் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்’ என்றும், ஆண்களிடம் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்றும் பொருள்படுவதால், பெண் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறாள் என்று ஆணும், அவன் காது கொடுத்துக் கேட்பதே இல்லை என்று பெண்ணும் எண்ண நேர்கிறது என்பது அவர்கள் கருத்து. சிறுவர்கள் சிறுவர்களோடும் சிறுமியர் சிறுமியரோடும் விளையாடி வளரும் பருவத்தில் இரு வேறு பேச்சு மரபுகள் படிந்துவிடுவதே காரணம் என்றார்கள்.

இந்தப் பார்வையை அவர்கள் ஜான் கம்பெர்ஸ் என்ற மொழியியலாளரிடமிருந்து பெற்றார்கள். பிரிட்டனில் ஒரு விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று புகார் எழுந்ததை அவர் ஆராய்ந்தார். ‘கிரேவி’ என்ற ஒற்றைச் சொல்லை அவ்வூர்ப் பெண்கள் குரலை உயர்த்தி, வேண்டுமா என்று கேட்கும் தொனியில் சொல்வார்கள். இவர்கள் குரலைத் தாழ்த்தி முடித்தார்கள். சாப்பிட வந்தவர்களுக்கு அது ‘இதுதான் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்பதுபோல் பட்டது. யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. காது பழகியிருந்த விதம்தான் வேறு.

மறுமொழி: வைகறை

மேலே உள்ள விளக்கத்தை நான் முழுவதுமாக ஏற்கவில்லை. அதில் இரு தரப்பும் சமமாக நிற்கின்றன. வீடுகளில் அப்படி இல்லை. அமெரிக்காவில் பமீலா ஃபிஷ்மன் மூன்று தம்பதியரின் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து 52 மணி நேர உரையாடலைப் பதிவு செய்தார். பெண்களின் ‘ம்’ கணவர் பேசும்போதே இடையிடையே விழுந்து அவரைத் தொடர்ந்து பேச வைத்தது. ஆண்களுடையதோ, மனைவி நெடுநேரம் பேசி முடித்த பிறகு ஒற்றையாக வந்து விழுந்தது. பேச்சும் அத்தோடு நின்றது. பெண்கள் எடுத்த 47 பேச்சுப் பொருள்களில் நிலைத்து நடந்தவை 17. ஆண்கள் எடுத்த 29இல் 28. மூன்று வீடுகளை வைத்து உலகத்தை அளக்க முடியாதுதான். ஆயினும் பேச்சை நடத்திச் செல்லும் உழைப்பு ஒருவர் தலையிலும், அதன் முடிவு மற்றவர் கையிலும் இருப்பதை இந்தப் பதிவுகள் காட்டுகின்றன. உங்கள் அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும்; “நீ என்னம்மா சொல்கிறாய்?” என்று அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு முறையாவது கேட்டாரா?

மறுமொழி: பழைய திண்ணை

ஆங்கிலத்துக்குச் சொன்னதை நம் மொழிக்கு அப்படியே பொருத்தத் தயங்குகிறேன். பாட்டி கதை சொன்னால் ‘ம் கொட்ட’ வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சட்டம். ‘ம்’ நின்றால், பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என்று கதையும் நிற்கும். பேரனும் பேத்தியும் சேர்ந்தே கொட்டினோம். ஆகையால் ‘ம்’ என்பது கேட்பதற்கான அடையாளம் என்பது தமிழ் ஆணுக்குத் தெரியாத செய்தி அன்று. நீங்கள் எழுதியதிலேயே வேறொரு சொல் என் கண்ணில் பட்டது: “சரி, அப்புறம்?”. கதையை நகர்த்தவும் ‘சரி’ என்கிறோம், உடன்படவும் ‘சரி’ என்கிறோம். நேரில் முகக்குறிப்பு பிரித்துக் காட்டிவிடும். தொலைபேசியில் அதற்கு வழியில்லை. உங்கள் அண்ணன் காதில் தங்கியது அந்தச் சொல்லாக இருக்கலாம்.

மறுமொழி: தாழை

மூவருக்கும் நன்றி. வைகறை கேட்ட கேள்விக்கு விடை, இல்லை என்பதே. அண்ணன் ஒரு முறையும் கேட்கவில்லை. நேற்று அவரிடமே பேசினேன். “உங்கள் அதிகாரி பேசும்போது நீங்களும் ‘சரிங்க சார், சரிங்க சார்’ என்கிறீர்களே, எல்லாவற்றுக்கும் உடன்பட்டா சொல்கிறீர்கள்?” என்று கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அது வேறம்மா, அங்கே எதிர்த்துப் பேச முடியாது” என்றார். என்னாலும் முடியவில்லை என்று சொன்னேன். சித்தப்பாவிடம் தாமே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஊர் வீட்டிலேயே உட்கார்ந்து பேசப்போகிறோம்.