‘ஸ்பிரிச்சுவல் கேர்’: ஆன்மிகப் பராமரிப்பா, பற்றுக்கோடு பேணலா?

> செவிலியர் பயிற்சிக் கையேட்டு வரைவில் ‘ஸ்பிரிச்சுவல் கேர்’ என்பதற்கு ‘ஆன்மிகப் பராமரிப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். அப்படியே விடலாமா? கூடவே வரும் ‘அசெஸ்மென்ட்’, ‘டிஸ்ட்ரெஸ்’ இரண்டுக்கும் சொல் வேண்டும்.

அன்புடையீர்,

விட வேண்டாம். ‘பராமரிப்பு’ கூடப் போகட்டும், ‘ஆன்மிகம்’தான் இடிக்கிறது. நாளிதழோடு வரும் ஆன்மிக மலரைப் பார்த்து வளர்ந்த மாணவிக்கு அந்தச் சொல் கோயில், விரதம், பரிகாரம் என்றுதான் பொருள்படும். வார்டில் ஒன்று, ‘இது பூசாரி வேலை’ என்று ஒதுங்குவார். இல்லையென்றால் தன் சாமியையே நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுபோவார். இரண்டாவதுதான் மோசம். படுத்துக் கிடப்பவரால் எழுந்து போக முடியாது.

கற்பிக்கும் பொருள் வேறு. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற, இறுதிக்கால நோயாளிகளைப் பேணும் இல்லத்தைத் (‘ஹாஸ்பிஸ்’) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், ‘முழு வலி’யில் (‘டோட்டல் பெயின்’) உடல், மனம், குடும்பச் சூழல் ஆகியவற்றின் வலியோடு ‘ஸ்பிரிச்சுவல்’ வலியையும் நான்காவதாகச் சேர்த்தார். ‘எனக்கு ஏன் இப்படி?’, ‘என்ன பாவம் செய்தேனோ’, ‘எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்’ என்பவை அந்த நான்காவது வலியின் குரல்கள். மார்ஃபின் அளவைக் கூட்டினால் இவை அடங்கா. கடவுள் மறுப்பாளரான கறுப்புச் சட்டைக்காரருக்கும் இந்த வலி உண்டு. தன் உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும், சடங்கு கூடாது என்ற உறுதியைக் குடும்பம் காப்பாற்றுமா என்பதே அவர் கவலையாக இருக்கலாம். அவருடைய கேஸ் ஷீட்டில் ‘ஆன்மிகத் தேவை: இல்லை’ என்று எழுதினால் அது தவறான பதிவு.

ஆகவே என் முன்மொழிவு: பற்றுக்கோடு பேணல். ஒருவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ அது பற்றுக்கோடு. கடவுளாகலாம், பேத்தியின் கல்யாணமாகலாம், கொள்கையாகலாம்.

‘அசெஸ்மென்ட்’டுக்குப் ‘பற்றுக்கோடு கேட்டறிதல்’. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புகால்ஸ்கி, நோயாளியிடம் இதைக் கேட்டறிய 1996இல் வகுத்த ‘ஃபிகா’ முறையின் நான்கு படிகளும் இச்சொல்லில் அடங்குகின்றன:

‘கஷ்டம் வரும்போது எது தைரியம் கொடுக்கும்?’
‘இந்த நோய் வந்த பிறகு அது எப்படி இருக்கிறது?’
‘அதில் உங்களோடு நிற்பவர்கள் யார்?’
‘நாங்கள் இங்கே என்ன செய்து தரலாம்?’

கேட்கும் விதத்தையும் கையேட்டில் சேர்க்க வேண்டும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, கட்டில் உயரத்துக்கு உட்கார்ந்து கேட்க வேண்டும். நோயாளிக்கு முன்னால் உறவினர் பதில் சொல்லிவிடுவது நம் வார்டுகளில் பெரிய தொல்லை. உறவினரை மருந்து வாங்க அனுப்பும் நேரத்தில் கேட்கலாம். நோயாளி பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும். ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொன்ன கணத்தில் அவர் வாயை மூடிவிடுவார். சேர்க்கைப் படிவத்தில் ‘மதம்’ என்ற கட்டத்தை நிரப்பியதை யாரும் கேட்டறிதலாகக் கணக்கு வைக்கக் கூடாது.

நான்காவது கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் சின்னவை. அறுவைக்கு முன் தாலியையும் அரைஞாணையும் கழற்றச் சொல்கிறோம். மின்சாரத்தால் தசையை வெட்டும் கருவி இருப்பதால் உலோகம் உடலில் இருந்தால் தோல் வெந்துபோகலாம். காரணத்தைச் சொல்லி, டிரேயில் போடாமல் அவர் சொல்லும் ஆளின் கையில் கொடுத்தால் பாதிக் கலக்கம் தீரும். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி கூடாது. அதற்குப் பதில் இயர்போனில் கவசமோ குர்ஆன் ஓதலோ கேட்கலாம். நினைவு தப்பியவர் வாயில் பாலோ கங்கை நீரோ ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கும்; பஞ்சில் நனைத்து உதட்டில் தடவச் செய்யலாம். ரம்ஜான் நோன்பு வைப்பேன் என்கிற நீரிழிவுக்காரரை ‘கூடாது’ என்று அடக்கினால் சொல்லாமல் நோன்பிருந்து, போட்ட இன்சுலினில் சர்க்கரை இறங்கிக் கிடப்பார். முன்கூட்டியே மருத்துவரிடம் அழைத்துப்போய் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டும்.

---

> பற்றுக்கோடு பேணல்

வணக்கம். சொல் நன்று, ஆனால் பணி மாறும்போது வாயில் நுழையுமா? சனங்கள் ‘வாழ்க்கையில ஒரு பிடிப்பில்ல’ என்றுதானே கதைக்கிறார்கள். ‘பிடிப்பு’ என்றே வைக்கலாமே. இன்னொன்று, இலங்கையில் எங்களுக்குத் தாதியர்தான். கையேட்டில் இரண்டு வழக்கும் இருக்கட்டும்.

---

தாதியர் என்பதைச் சேர்த்துவிடலாம், ஐயா. ‘பிடிப்பு’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கேஸ் ஷீட்டில் ‘பிடிப்பு இல்லை’ என்று எழுதினால் அடுத்த ஷிப்டு தசைப்பிடிப்பு விட்டது என்று எடுத்துக்கொள்ளும்; ‘பிடிப்பு உண்டு’ என்றால் தைலம் தேய்க்கும்! வெறும் ‘பற்று’ என்றால் பில் பிரிவு வரவு-செலவில் சேர்த்துவிடும். எழுத்தில் ‘ப.கோ.’ என்று சுருக்கலாம்.

‘ஸ்பிரிச்சுவல் டிஸ்ட்ரெஸ்’ என்பது, செவிலியர் நோயறிதல்களுக்கான பன்னாட்டு நாண்டா பட்டியலில் நெடுநாள் 00066 என்ற எண்ணில் இருந்த நோயறிதல். அதற்குப் ‘பற்றுக்கோடு குலைவு’ என்கிறேன். ‘மனச்சோர்வு’ என்று எழுதவே கூடாது. அது வேறு நோய், மருந்தும் வேறு. தினமும் ஜெபித்தவர் திடீரென நிறுத்துவது, வருவோரைப் பார்க்க மறுப்பது முதலியவை குலைவின் அடையாளங்கள். தூக்கமும் பசியும் போய், சாவைப் பற்றிப் பேசினால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; அன்றே மனநல மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம் என்பதால் இரண்டு பெயர் தேவை.

மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆறுதலும் வழிபாட்டுத் துணையும் தரும் ‘சாப்ளின்’ மட்டும் பாக்கி. ‘குருவானவர்’ என்றால் கிறித்தவர் மட்டும்தான். ‘ஆற்றுப்படுத்துநர்’ உளவள ஆலோசகருக்குப் போய்விட்டது. ‘ஆறுதலாளர்’ என்று ஒன்று தோன்றுகிறது, அவ்வளவு உறுதியில்லை. வேறு யாரிடமாவது சொல் இருக்கிறதா?