முகப்பருவுக்கு ரெண்டு மருந்து பூசுறவை ஆராவது இருக்கிறியளோ?
வணக்கம் உறவுகளே, நாங்கள் கிளிநொச்சிப் பக்கம், தங்கச்சிக்கு நாடியிலயும் கன்னத்திலயும் சீழ் வைச்ச பரு, ஏ லெவல் படிக்கிற பிள்ளை ரியூசனுக்குப் போகவே வெக்கப்படுறாள், பாக்க மனம் கேக்குதில்லை. டொக்டர் காலமை பென்சாயில் பெரொக்சைட் 2.5%, இரவில அடாப்பலீன் 0.1% எண்டு எழுதித் தந்தவர். ரெண்டும் ஒண்டையொண்டு பழுதாக்காது, ட்ரெட்டினோயின் எண்ட மற்றப் பரு மருந்து எண்டால்தான் பென்சாயில் அதைச் சிதைக்கும், அது விளங்குது. ஆனா மூக்கடியெல்லாம் செதில் செதிலா உரியுது, இஞ்சத்த வெயிலும் புழுதியும் தெரியும்தானே, தலகணி உறையும் திட்டுத்திட்டா வெளிறிப்போச்சு (அது பென்சாயிலின்ர வேலை). முதல்ல மொய்ஸ்சரைசர் போட்டுட்டு அடாப்பலீன் பூசினவை, ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினவை சொல்லுங்கோ, எரிவு குறைஞ்சதோ? கிளிநொச்சி, வவுனியா பாமசியளில பிசுபிசுக்காத சன்கிறீம் என்ன கிடைக்குது? அடுத்த கிளினிக்குக்கு முதல் தெரிஞ்சா பெரிய உதவி.