விஏ லோன்ல (ராணுவத்துல இருக்கிறவங்க, இருந்தவங்களுக்கு அமெரிக்க அரசோட விஏ துறை கேரண்டி குடுக்குற வீட்டுக் கடன்) வீடு வாங்கினவங்க தனியா ஹோம் இன்ஸ்பெக்ஷன் பண்ணீங்களா? அனுபவத்த சொல்லுங்க

அலமோ ஊர்க்காரி:

என் வீட்டுக்காரர் மாவ்னிங்கற, வெளிநாட்டுக்காரங்கள சேத்துக்கிட்ட திட்டத்துல அமெரிக்க ஆர்மில சேர்ந்தவர், இப்போ சான் ஆண்டோனியோல இருக்கோம். இங்க வீடு தேடுற நம்ம ஆளுங்க நிறைய பேர் "விஏவே ஆள் அனுப்பி வீட்ட பாக்குறாங்களே, அப்புறம் எதுக்கு தனியா நானூறு ஐநூறு டாலர் குடுத்து இன்ஸ்பெக்டர்"னு கேக்குறாங்க, அதான் எங்களுக்கு நடந்தத எழுதுறேன்.

விஏ சார்பா வர்றவர் அப்ரைசர், அதாவது வீட்டு மதிப்பு போடுறவர். கேக்குற வெலைக்கு வீடு தகுமா, அப்புறம் எம்பிஆர்னு ஒரு குறைந்தபட்ச தகுதி இருக்கு, ஆளு குடியிருக்க பாதுகாப்பா இருக்கா, கட்டடம் உறுதியா இருக்கா, சுகாதாரமா இருக்கா, இத கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் பாத்துட்டு போயிருவாரு. வீட்டுல குறையே இல்லன்னு விஏ யாருக்கும் உத்தரவாதம் குடுக்குறதில்ல, லோனுக்குத்தான் கேரண்டி.

நாங்க மொதல்ல புடிச்சது 1968ல கட்டின வீடு, கான்கிரீட் ஸ்லாப் மேல. லெண்டர் சீக்கிரமே அப்ரைசல் ஆர்டர் பண்ணிட்டாங்க. அந்த ரிப்போர்ட்ல வந்த ஒரே குறை என்னன்னா கராஜ் ஓரத்துல பெயிண்ட் உரிஞ்சிருக்கு, 1978க்கு முந்தின வீடுங்கறதால ஈயம் கலந்த பெயிண்டா இருக்கலாம், சுரண்டிட்டு புதுசா அடிக்கணும், அவ்ளோதான். ஏஜெண்ட் "விஏவே பாஸ் பண்ணிருச்சு, இனிமே என்ன"ன்னாரு. நாங்க விடல.

எங்க இன்ஸ்பெக்டர் பாத்ரூம் கதவ சாத்தி சாத்தி பாத்தாரு, மேல் மூலையில நிலையில உரசுது, அதே எடத்துல செவுத்துல சாய்வா ஒரு கீறல். இந்த வயசு வீட்டுல ஸ்லாப்புக்கு அடியில வார்ப்பிரும்பு ட்ரெயின் பைப் இருக்கும், இந்த ஊரு களிமண்ணு மழைக்கு ஊதும் வெயிலுக்கு சுருங்கும், ஹைட்ரோஸ்டாட்டிக் டெஸ்ட் பண்ணாம கையெழுத்து போடாதீங்கன்னாரு. அதுக்கு வீட்டுக்காரங்க எழுத்துல சம்மதம் குடுக்கணும், குடுத்தாங்க. ப்ளம்பர் வந்து வெளிய சாக்கடைக்குப் போற பைப்ப காத்தடிச்ச ரப்பர் பந்தால அடைச்சுட்டு ஸ்லாப் மட்டம் வரைக்கும் தண்ணி ரொப்பினாரு. நல்ல பைப்னா தண்ணி அப்படியே நிக்கணும், ஆனா நாங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே மடமடன்னு எறங்கிருச்சு. அடியில சுரங்கம் மாதிரி தோண்டி பைப்ப மாத்தணும், இருபதாயிரம் டாலருக்கு மேல ஆகும்னாரு. அப்ரைசர் ஃப்ளஷ் பண்ணிப் பாத்திருந்தாலும் தண்ணி நல்லாத்தான் போயிருக்கும், அவர்மேல தப்பு சொல்ல முடியாது, அது அவர் வேலையே இல்ல.

டெக்ஸாஸ்ல ஆப்ஷன் பீரியட்னு ஒண்ணு இருக்கு, சின்னதா ஒரு ஃபீஸ் கட்டினா அந்த நாளுக்குள்ள எந்தக் காரணத்துக்காகவும் வெலகிக்கலாம். வெலகினோம். ஆப்ஷன் ஃபீஸ் போச்சு, எர்னஸ்ட் மனி, அதாவது அட்வான்ஸா கட்டின பணம், முழுசா திரும்ப வந்துச்சு.

மலையடிவாரம்:

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. நாங்க கொலராடோ ஸ்பிரிங்ஸ், ஃபோர்ட் கார்சன் பக்கம். இங்க ரேடான் பெரிய விஷயம், மண்ணுக்குள்ள இருந்து வர்ற வாயு, வாசனையும் கிடையாது நெறமும் கிடையாது, வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல் கேன்சர் வரலாம். விஏ அப்ரைசர் அத அளக்க மாட்டாரு. எங்க இன்ஸ்பெக்டர் பேஸ்மெண்ட்ல ரெண்டு நாள் மெஷின் வெச்சாரு, அளவு ஏழுக்கு மேல வந்துச்சு, இபிஏ (அரசோட சுற்றுச்சூழல் துறை) நாலோ அதுக்கு மேலயோ வந்தாலே சரிபண்ண சொல்றாங்க. விக்கிறவர்ட்ட ரிப்போர்ட்ட காட்டினோம், அவர் செலவுலயே அந்த வாயுவ வெளியேத்த பைப்பும் ஃபேனும் போட்டுக் குடுத்தாரு. புள்ளைங்க தூங்குற ரூம் அந்த பேஸ்மெண்ட்லதான். இன்னொண்ணு, கொலராடோல ஹோம் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேட் லைசென்ஸே கிடையாது, அதனால அவரோட பழைய ரிப்போர்ட் ஒண்ணு கேட்டு வாங்கிப் படிச்சுட்டு ஆள புடிங்க.

புதுசா வாங்குறோம்:

எங்க ஏஜெண்ட், விஏ ஆஃபர்னாலே விக்கிறவங்க யோசிக்கிறாங்க, இதுல இன்ஸ்பெக்ஷன் கண்டிஷனும் போட்டா எடுக்கவே மாட்டாங்கன்னு சொல்றாங்க. எப்படியும் விஏ எஸ்கேப் க்ளாஸ் இருக்கே, அது போதாதா?

அலமோ ஊர்க்காரி:

போதாதுங்க, இத நல்லா புரிஞ்சுக்கோங்க. அப்ரைசல் மதிப்பு நீங்க ஒத்துக்கிட்ட வெலைக்கு கீழ வந்தா மட்டும்தான் எஸ்கேப் க்ளாஸ் ஒங்கள காப்பாத்தும். ரூஃப் ஒழுகுது, பைப் ஒடஞ்சிருக்குன்னு தெரிஞ்சா அது பேசாது, அதுக்கு இன்ஸ்பெக்ஷன் கண்டிஷன் தனியா காண்ட்ராக்ட்ல இருந்தாத்தான் எர்னஸ்ட் மனி திரும்ப வரும். விக்கிறவங்க தயங்கினா நாள கொறைங்க, அஞ்சு நாள்ல முடிச்சுடறோம், கதவு கைப்பிடி மாதிரி சில்லறை ரிப்பேர் எதுவும் கேக்க மாட்டோம்னு எழுதிக் குடுங்க. கண்டிஷன மட்டும் எடுத்துடாதீங்க. டவுன் பேமென்ட் போடாம வாங்குறவங்களுக்கு வீட்டுல ஈக்விட்டியே (கடன் போக நமக்குன்னு இருக்குற பங்கு) இருக்காது, விஏக்கு கட்டுற ஃபண்டிங் ஃபீ வேற மொத தடவைக்கு 2.15 சதவீதம், அதையும் பலபேர் லோன்லயே சேத்துடறோம். நாளைக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்து விக்க வேண்டி வந்தா, ஒடஞ்ச பைப்போட அந்த வீட்ட என்ன வெலைக்கு விப்பீங்க?

கடலோரம்:

நார்ஃபோக்ல இருந்து, நேவி ரிட்டயர்டு. ஒண்ணு சேத்துக்கிறேன், கரையான் ரிப்போர்ட்ட இன்ஸ்பெக்ஷன்னு நெனச்சுக்காதீங்க. வர்ஜீனியா மாதிரி எடத்துல விஏ லோனுக்கு அது கட்டாயம், 2022ல இருந்து அந்த செலவ நாமளே குடுக்கவும் விஏ அனுமதிக்குது. ஆனா அவங்க மரத்தத் திங்கிற பூச்சி இருக்கான்னுதான் பாப்பாங்க, கரண்ட் பேனல் பாக்ஸையோ ஃபர்னஸையோ தொறக்கவே மாட்டாங்க. நம்ம பக்கம் க்ரால் ஸ்பேஸ் (தரைக்கு அடியில தவழ்ந்து போற அளவு இடம்) உள்ள வீடு ஜாஸ்தி, இன்ஸ்பெக்டர் உள்ள தவழ்ந்து போறாரான்னு கேட்டுக்கோங்க, சிலபேர் வாசல்ல நின்னு டார்ச் அடிச்சுட்டு வந்துடறாங்க. எங்காளு முழுசா போயி, அடியில தண்ணி தேங்கி தரையத் தாங்குற ஒரு ஜாயிஸ்ட் மரம் கைய வெச்சா உதிர்ற அளவுக்கு இத்துப்போயிருந்தத ஃபோட்டோ எடுத்துட்டு வந்தாரு.

புதுசா வாங்குறோம்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சனிக்கிழமை ஆஃபர் போடுறோம், ஏழு நாள் இன்ஸ்பெக்ஷன் கண்டிஷனோட போட சொல்லிட்டேன். வீடு 1974, சாக்கடை பைப்புக்குள்ள கேமரா விட்டுப் பாக்க எவ்ளோ கேப்பாங்க?

அலமோ ஊர்க்காரி:

ஊருக்கு ஊரு மாறும், இன்ஸ்பெக்டர்ட்டயே கேளுங்க, சேத்து பண்ணா கொறச்சு குடுப்பாங்க. அத மட்டும் விட்டுடாதீங்க.