'திறந்த கோப்புகள் அதிகம்' பிழை: வரம்பைக் கூட்டினால் போதுமா?

பனைமரம்:
உபுண்டு சர்வரில் சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) சர்வீஸாக ஒரு பைத்தான் செயலி ஓடுகிறது. மாலையானால் லாகில் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்', பிழை எண் 24. அப்புறம் புது இணைப்பு எதையும் ஏற்பதில்லை. திறந்த கோப்புகளின் வரம்பாக லிமிட்ஸ்.கான்ஃபில் 65535 போட்டு ரீபூட் செய்தும் அதே கதை.

வடகரை:
அந்தக் கோப்பைப் படிப்பது பாம் (PAM), அதாவது லாகினைச் சரிபார்க்கும் அமைப்பு. லாகின் செய்பவர்களுக்குத்தான் அது செல்லும், சிஸ்டம்டி கிளப்பும் சர்வீஸுக்குச் செல்லாது. சர்வீஸின் அமைப்புகள் உள்ள யூனிட் கோப்பில் லிமிட்நோஃபைல் 65535 என்று கொடுத்து, டீமன்-ரீலோட், ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகிவிடும்.

கழிமுகம்:
முதல் பாதி சரி, 'சரியாகிவிடும்' என்பதை ஏற்க மாட்டேன். காலையில் ஓடுகிறது, மாலையில் விழுகிறது என்றால் எதுவோ மூடப்படாமல் சேர்ந்துகொண்டே போகிறது. ரீஸ்டார்ட் செய்தால் தடயமே அழிந்துவிடும். அதற்கு முன் ப்ராக்கில் (/proc) அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருப்பவற்றைக் காட்டும் எஃப்டி அடைவைப் பட்டியலிட்டு எடுத்து வையுங்கள். ஒரு நிமிட வேலை.

வடகரை:
பயனர்கள் காத்திருக்கும்போது ஆராய்ச்சியா? ஒவ்வொரு சாக்கெட்டும், அதாவது நெட்வொர்க் இணைப்பின் முனையும், ஒரு டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்புக்கான எண், சுருக்கமாக எஃப்டி). இயல்பான 1024 வரம்பு எந்த மூலைக்கு? சிஸ்டம்டியே 2018இல், 240ஆம் பதிப்பில், ஹார்ட் வரம்பை (செயலி உயர்த்திக்கொள்ளக்கூடிய உச்சம்) 524288 ஆக உயர்த்திவிட்டதே.

கழிமுகம்:
உயர்த்தியது ஹார்டை மட்டும். நடைமுறையில் தடுக்கும் சாஃப்ட் வரம்பை வேண்டுமென்றேதான் 1024இல் விட்டார்கள். பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் செலக்ட் அழைப்பால் 1023க்கு மேற்பட்ட எண்ணுள்ள டிஸ்கிரிப்டரைக் கையாள முடியாது. லிமிட்நோஃபைலில் ஒரே எண் கொடுத்தால் இரண்டும் மாறும். ஏதாவது பழைய லைப்ரரி செலக்டை நம்பியிருந்தால், பைத்தானில் வேல்யூஎரர் வந்து நிற்கும்.

பனைமரம்:
பார்த்துவிட்டேன். பெரும்பாலும் சாக்கெட்டுகள். இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் கிட்டத்தட்ட எல்லாமே குளோஸ்-வெயிட் நிலை, எல்லாம் ஒரே வெளி ஏபிஐயின் 443ஆம் போர்ட்டுக்கு.

கழிமுகம்:
அதுதான். எதிர்முனை இணைப்பை முடித்துக்கொண்டது, உங்கள் செயலி இன்னும் குளோஸ் சொல்லவில்லை. குளோஸ்-வெயிட்டுக்குக் காலக்கெடு கிடையாது, கர்னல் தானாக விடுவிக்காது. 65535 கொடுத்தால் இன்று மாலை வரும் பிழை வேறொரு நாள் நள்ளிரவில் வரும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புது செஷன் உருவாக்கிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒன்றையே வைத்துப் புழங்குங்கள், இல்லையென்றால், வேலை முடிந்ததும் தானே மூடும் வித் பிளாக்குக்குள் போடுங்கள்.

வடகரை:
கசிவு இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நிரலைத் திருத்திச் சோதித்து ஏற்றும் வரை சர்வர் தாக்குப்பிடிக்க வேண்டுமே. 8192 வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், செலக்ட் பிழை வருகிறதா என்று லாகைக் கவனியுங்கள். கசிவை அடைத்த பிறகும் 1024க்கு இறக்கச் சொல்ல மாட்டேன்.

கழிமுகம்:
8192க்கு ஆட்சேபணை இல்லை. எஃப்டி எண்ணிக்கைக்கு ஓர் எச்சரிக்கை வைத்துவிட்டு உயர்த்துங்கள், பனைமரம்.